கடன் யாருடையது? கணக்குத் தீர்ப்பது யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தின் துயரத்தை அறியப் போனால், அதனை மூன்று அலுவலகங்களின் கோவைகளில் தேட வேண்டியிருக்கின்றது. வெள்ளத்தில் அழுகிப்போன வெங்காயச் செய்கை கமநல சேவை நிலையத்தின் கோவையில் இருக்கும். வீட்டின் உணவுத் தட்டுப்பாடு பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பட்டியலில் இருக்கும். மகளின் படிப்புக்கென வாங்கிய கடன் வங்கியின் கோவையில் இருக்கும். இந்த மூன்று கோவைகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஆனால், அந்தக் குடும்பத்தின் அடுப்படியில் மூன்றும் ஒரே துயரமாகவே இருக்கின்றன.

கல்விக் கடன், காலநிலைப் பொறுப்பு, உணவுக்கான உரிமை ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து ஆராய வேண்டும் என்று நாம் கருதுவது இதனாலேயே. உலகின் பல நாடுகளிலும் மக்கள் அமைப்புகளும் மாணவர் அமைப்புகளும் அரசின் கொள்கையை மாற்றுமாறு கோரி இம்மூன்றையும் முன்வைத்து வருகின்றன. எமது மண்ணிலோ இவை இன்னமும் வெவ்வேறு மனுக்களாகவே அலுவலக வாசல்களில் காத்துக் கிடக்கின்றன.

ஒரு சங்கிலியின் கண்ணிகள்

வலிகாமத்துச் செம்மண்ணில் கால் ஏக்கர் குத்தகை நிலத்தில் வெங்காயம் செய்யும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். விதை வெங்காயத்துக்கும் உரத்துக்கும் எண்ணெய்க்கும் முற்பணம் வேண்டும். கையில் இல்லாததால் கடன் வாங்கப்படுகின்றது. வங்கி பிணை கேட்கின்றது. நுண்நிதி நிறுவனத்தின் முகவரோ வீடு தேடி வருகின்றார். கார்த்திகை மாதத்து மழை ஒரே நாளில் கொட்டித் தீர்க்கின்றது. செய்கை அழிகின்றது. ஆனால், கடனின் வாராந்தத் தவணை அழிவதில்லை. முதலில் நகை அடைவுக்குப் போகின்றது. பின்னர் மீனும் பாலும் சமையலில் இருந்து விலகுகின்றன. இறுதியாகப் பிள்ளையின் தனியார் வகுப்பு நிறுத்தப்படுகின்றது. உயர்தரப் பரீட்சையில் சில புள்ளிகள் குறைகின்றன. அரச பல்கலைக்கழகத்தில் இடம் தவறுகின்றது. அதன் பின்னர் படிக்க வேண்டுமாயின் இன்னொரு கடன்.

இது கற்பனையின் மிகைப்படுத்தல் அன்று. 2024 நவம்பர் மாத இறுதியில் வெள்ளத்தினால் க.பொ.த. உயர்தரப் பரீட்சை நாடு முழுவதும் இடைநிறுத்தப்பட்டது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கி 600இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது அதே பரீட்சை மீண்டும் இடையில் நின்றது. அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் மழையும் புயலும் பரீட்சை மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டன. காலநிலை என்பது விஞ்ஞானப் பாடத்தில் வரும் ஓர் அத்தியாயம் மட்டுமே என்று இனியும் எவரும் கூற முடியாது.

இலவசக் கல்வியும் இடையில் வந்த கடனும்

கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1945 ஒக்டோபரில் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்ற அந்த ஏற்பாடு, குடாநாட்டின் விவசாயியின் பிள்ளையையும் மீனவரின் பிள்ளையையும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆக்கியது. இன்றும் அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரி மாணவர்களிடம் பட்டப்படிப்புக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. இது எளிதில் கிடைத்த பேறன்று. எளிதில் இழக்கக்கூடியதும் அன்று.

எனினும், பல்கலைக்கழக அனுமதிக்கான அடிப்படைத் தகைமையைப் பெறுவோரில் பெரும்பான்மையோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை. இவர்களுக்கென அரசாங்கம் 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தை ஆரம்பித்தது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டம் பயில, தொடக்கத்தில் 8 இலட்சம் ரூபா வரை கற்கைக் கட்டணமாக வழங்கப்பட்டது. வட்டியைத் திறைசேரி பொறுப்பேற்றது. முதலை மாணவர் திருப்பிச் செலுத்த வேண்டும்.

இத்திட்டத்தை நாம் முற்றாகக் குறை கூறவில்லை. வாசல் மூடப்பட்ட இளைஞர்களுக்கு அது ஒரு வழியைத் திறந்தது. ஆனால், இதிலுள்ள கொள்கை மாற்றத்தைக் கவனிக்காமல் விடமுடியாது. அரச பல்கலைக்கழகத்தில் இடங்களைப் பெருக்குவது அரசின் கடமை. அந்தக் கடமையின் ஒரு பகுதி, 20 வயது இளைஞரின் பெயரில் எழுதப்பட்ட கடன் பத்திரமாக மாறியிருக்கின்றது.

இப்பாதை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம். அங்கு பல்லாண்டுகள் இலவசமாக இருந்த பல்கலைக்கழகக் கல்விக்கு 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண் கட்டணம் விதிக்கப்பட்டது. 2006இல் அது 3,000 பவுண் ஆயிற்று. 2012இல் 9,000 பவுண் ஆயிற்று. லண்டனில் வாழும் எம்மவரின் பிள்ளைகள் பட்டத்துடன் பெருங்கடனையும் சேர்த்தே வாங்கி வெளியேறுகின்றார்கள். அமெரிக்காவில் கல்விக் கடனாளிகளின் தொகை நான்கு கோடியைத் தாண்டிவிட்டது. அக்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அந்நாட்டு அரசு கொண்டுவந்த திட்டத்தை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. முதலில் சிறு தொகையாகவே தொடங்கும். பின்னர் அதுவே வழமையாகிவிடும்.

அரச பல்கலைக்கழக மாணவரும் கடனில் இருந்து முற்றாகத் தப்பியவர் அல்லர். மகாபொல புலமைப்பரிசில் நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாவாகவே இருந்து, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 2022 செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. திருநெல்வேலியில் வாடகை அறை எடுத்துத் தங்கும் மலையக மாணவரும் கிழக்கு மாகாண மாணவரும் இத்தொகையில் வாடகை கொடுத்து எத்தனை நேரம் உண்ண முடியும்? இங்கே கல்விப் பிரச்சினை உணவுப் பிரச்சினையாகி நிற்கின்றது.

முஸ்லிம் வாசகர்களுக்கு வட்டியில்லாக் கடன் என்பது புதிய கருத்தன்று. 'அழகிய கடன்' என்ற மரபு இஸ்லாமியச் சமூக வாழ்வில் ஆழ வேரூன்றியது. அம்மரபின் உயிர்நாடி வட்டி வாங்காமை மட்டுமன்று. இயலாதவருக்கு அவகாசம் அளித்தலும், அவர் நிலை மேலும் தாழ்ந்தால் விட்டுக்கொடுத்தலும் அதனுள் அடங்கும். இந்த இரண்டாவது அம்சமே கடன் பற்றிய எமது கோரிக்கைக்கு அடிப்படையாக அமைய வேண்டும்.

கிணற்று நீரில் எழுதப்பட்ட பாடம்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. எமது ஆறு நிலத்துக்கு அடியிலேயே இருக்கின்றது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் துளைகளினூடாக இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எமது முன்னோர் அறிந்திருந்தனர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். கடல்மட்டம் உயர்ந்தால் பக்கவாட்டிலிருந்தும் உவர் நெருக்கும். மழை பல நாள்களுக்குப் பரவிப் பெய்யாமல் ஒரே நாளில் கொட்டினால், பெரும்பங்கு நிலத்துள் இறங்காமல் கடலுக்கு ஓடிவிடும். காலநிலை மாற்றத்தின் அர்த்தம் எமக்கு இதுவே.

இத்தகைய நீருக்குத் தீங்கு செய்தவர் யார், கணக்குத் தீர்க்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு இந்நாட்டின் உயர் நீதிமன்றம் ஒரு பதில் அளித்திருக்கின்றது. சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய பகுதியில் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான அடிப்படை உரிமை மனுவில், 2019 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு வெளியானது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின் கீழ், அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. தூய நீர் மக்களின் உரிமை என்பதும், அதனைப் பாதுகாக்கத் தவறிய அரச நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதும் அதனால் நிலைநாட்டப்பட்டன.

எனினும், இத்தீர்ப்புக்கு முன்னர் நடந்தவற்றை நாம் மறக்கலாகாது. கிணற்றில் எண்ணெய் இருக்கின்றதா இல்லையா, இருப்பின் அது தீங்கானதா என்ற வாதத்திலேயே எமது மாகாண நிர்வாகமும் நிபுணர்களும் நீண்டகாலத்தைக் கழித்தனர். தாய்மார் வாளியுடன் தண்ணீர் பவுசருக்காக வீதியோரத்தில் நின்றனர். கொழும்பை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பிக்கொள்ள இயலாது. மேலும், வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அதற்குக் காரணம் அளவின்றி இட்ட உரமும் மலக்குழிகளுமே. பொறுப்புக்கூறல் என்பது பிறரிடம் மட்டும் கேட்கும் சொல் அன்று.

உலக அரங்கிலும் இதே கோட்பாடு வலுப்பெற்று வருகின்றது. 2019இல் பசுபிக் தீவுகளைச் சேர்ந்த சட்ட மாணவர் சிலர், காலநிலைத் தீங்குக்கு அரசுகளின் சட்டப் பொறுப்பு யாது என்பதைச் சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் எனக் குரல் எழுப்பினர். வனுவாட்டு அரசு அக்குரலை ஏந்தியது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அதனை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23ஆம் திகதி, காலநிலையைப் பாதுகாப்பது அரசுகளின் சட்டக் கடமை என்றும், அதனை மீறுவோர் இழப்பீட்டுக்கும் ஆளாகலாம் என்றும் அந்நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியது. வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வி ஆறு ஆண்டுகளில் ஹேக் நகரை அடைந்தது. அமெரிக்காவில் வெர்மொன்ட், நியூயோர்க் ஆகிய மாநிலங்கள் 2024இல், எரிபொருள் நிறுவனங்களே காலநிலைச் சேதத்தின் செலவை ஏற்க வேண்டும் என்று சட்டம் இயற்றின. 2022இல் எகிப்தில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு, பாதிக்கப்பட்ட வறிய நாடுகளுக்கென இழப்பு மற்றும் சேத நிதியத்தை உருவாக்க இணங்கியது.

இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. அந்நிதியத்தில் இருந்து இலங்கைக்கு எது கிடைத்தாலும், அதில் வெங்காயச் செய்கையாளருக்கும் குருநகர் மீனவருக்கும் பங்கு உண்டா என்பதை இப்போதே கேட்க வேண்டும். பணம் வந்து பங்கிட்ட பின்னர் கேட்பதில் பயன் இல்லை.

கூப்பனில் இருந்து பட்டியலுக்கு

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், இந்நாட்டில் உணவுப் பங்கீடு ஆரம்பமாயிற்று. கூப்பன் அரிசியும் சங்கக் கடையும் எமது மூத்தோரின் வாழ்வோடு கலந்தவை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை ஒரு கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் எழுந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலக நேர்ந்தது. அரிசி அன்று சலுகை அன்று, உரிமை. 1979இல் அந்த இடத்தை உணவு முத்திரை பிடித்தது. பின்னர் ஜனசவிய வந்தது. 1995இல் சமுர்த்தி வந்தது. 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. அனைவருக்கும் உரிய பங்கு, தெரிவுசெய்யப்பட்டோரின் பட்டியலாகப் படிப்படியாகச் சுருங்கிற்று.

அஸ்வெசும தொடங்கியபோது நான்கு வகுப்பினருக்கு மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை வகுக்கப்பட்டது. உதவி பெறுவோரை நாம் குறைகூறவில்லை. அவர்களுக்கு அது உயிர்காப்பு. ஆனால், பட்டியலில் பெயர் வருவதும் வராமற்போவதும் ஒரு படிவத்தின் புள்ளிகளில் தங்கியிருக்கின்றது. ஒரு முறை நிரப்பிய படிவம், வெள்ளத்துக்கு அடுத்த நாள் ஒரு குடும்பம் எந்நிலையில் நிற்கின்றது என்பதை அறியாது.

பதிவு என்பதன் வலியை யாழ்ப்பாண முஸ்லிம்களைப் போல் அறிந்தவர் எவருமிலர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட அம்மக்கள், இரு தசாப்தங்களுக்கு மேல் புத்தளத்திலும் ஏனைய இடங்களிலும் அகதிகளாக வாழ்ந்தனர். மீளத் திரும்பிய குடும்பங்கள் பல, அங்கும் இங்குமாகப் பிளவுண்டு, எந்த ஊர்ப் பட்டியலில் தமது பெயர் என்று அலைய நேர்ந்தது. இம்மண்ணில் பிறந்தவருக்கு இம்மண்ணின் விதானையார் பதிவேட்டில் இடம் தேட வேண்டியிருந்தமை எமது மனச்சாட்சியைத் தொட வேண்டிய விடயமாகும். அதே ஆண்டுகளில் குடாநாட்டுத் தமிழ் மக்கள் பொருளாதாரத் தடையின் கீழ் மண்ணெண்ணெய்க்கும் உரத்துக்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்றனர். பசியின் நினைவு இரு சமூகத்துக்கும் பொதுவானது. அது பொதுவான கோரிக்கையாக மாறுவதில் தடை இருக்கலாகாது.

அரசு தானே ஒப்புக்கொண்ட உண்மை

வறட்சிக்கும் கடனுக்கும் தொடர்பு உண்டு என்பதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2018இல் அரசாங்கமே அதனை ஒப்புக்கொண்டது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடனை மூன்று மாதங்களுக்கு மேல் செலுத்த முடியாமற்போன பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அறிவித்தார். வட்டி வீதத்துக்கு 35 சதவீத உச்சவரம்பும் விதிக்கப்பட்டது.

இதில் ஒரு குறை இருந்தது. பிள்ளைகளைப் பட்டினி போட்டும் தவணையை ஒழுங்காகக் கட்டிய தாய்க்கு நிவாரணம் கிடைக்கவில்லை; கட்டத் தவறியவருக்கே கிடைத்தது. கடன் தள்ளுபடி ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று சிலர் வாதிடுவது இதனாலேயே. அவ்வாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. ஆனால், அதற்கான பரிகாரம் நிவாரணத்தை நிறுத்துவது அன்று, நிவாரணத்தைச் சட்டமாக்குவதே. ஒரு பிரதேசம் அனர்த்தப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட கணமே, அங்குள்ளோரின் பயிர்க்கடன், நுண்நிதிக் கடன், கல்விக் கடன் ஆகியவற்றின் தவணைகள் அனைவருக்கும் தாமாகவே நிறுத்திவைக்கப்பட வேண்டும். அமைச்சரின் கருணைக்காகக் காத்திருக்கும் நிலையும் இராது. கட்டியவர், கட்டாதவர் என்ற பேதமும் எழாது.

திறைசேரியில் பணம் இல்லை என்பது அடுத்த வாதம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்த நாடு இது என்பதை நாம் அறிவோம். ஆனால், நாட்டுக்கு இயலாமல் போனபோது கடன் வழங்கியோர் அவகாசம் தந்தனர், கடன் மறுசீரமைக்கப்பட்டது. அரசுக்குப் பொருந்திய அந்த நியாயம், 2021இல் அரசின் இரசாயன உரத் தடையால் விளைச்சலை இழந்த அதே நாட்டின் விவசாயிக்கு மட்டும் பொருந்தாமற்போவது எங்ஙனம்?

நாம் கேட்க வேண்டியவை

கோரிக்கை தெளிவாக இருந்தால்தான் பதிலும் தெளிவாகக் கிடைக்கும். முதலாவதாக, மாணவர் உதவித்தொகை விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்பட வேண்டும். கல்விக் கடனின் தவணை, வேலை கிடைத்து வருமானம் ஒரு மட்டத்தைத் தாண்டிய பின்னரே ஆரம்பிக்க வேண்டும். அரச பல்கலைக்கழக இடங்களைப் பெருக்கும் கடமைக்கு இக்கடன் மாற்றீடாக ஆகக்கூடாது.

இரண்டாவதாக, குடாநாட்டின் நிலத்தடி நீருக்குத் தனியான பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். கிணறுகள் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் தமிழில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட வேண்டும். சுன்னாகத் தீர்ப்பின் கோட்பாடு ஒரு வழக்கோடு நின்றுவிடாமல் நிர்வாக நடைமுறையாக வேண்டும்.

மூன்றாவதாக, பாடசாலை மதிய உணவுக்கான அரிசி, மரக்கறி, மீன் ஆகியவற்றை அவ்வப் பிரதேச உற்பத்தியாளரிடம் கூட்டுறவுச் சங்கங்கள் கொள்வனவு செய்ய வழி செய்யப்பட வேண்டும். விவசாயிக்குச் சந்தையும் பிள்ளைக்கு உணவும் ஒரே செலவில் கிடைக்கும். சங்கக் கடையை மீண்டும் உயிர்ப்பிக்க இதனைவிட நேர்வழி இல்லை.

இவற்றில் கூட்டுறவு, கமத்தொழில், பாடசாலைக் கல்வி ஆகியன 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைக்கு உரியவை. ஆனால், 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன் பின்னர் பல்லாண்டுகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி ஆளுநரின் கையிலேயே நிர்வாகம் நடைபெற்றது. இருந்த ஐந்து ஆண்டுகளிலும் இத்துறைகளில் நாம் எதனைச் சாதித்தோம் என்ற கேள்வியும் உண்டு. அதிகாரம் கேட்பவர்கள் அதனைக் கொண்டு எதனைச் செய்வர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 மே மாதத்தில் தெரிவுசெய்யப்பட்ட உள்ளூராட்சி சபைகள், இக்கோரிக்கைகளைத் தீர்மானங்களாக நிறைவேற்றி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் முன் வைக்கலாம். அதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை.

பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், ஆலய பரிபாலன சபை, மாதர் சங்கம் ஆகியன இதுவரை தனித்தனியே மனுக் கொடுத்து வந்துள்ளன. ஒரே மனுவில் இவர்களின் கையொப்பங்கள் சேரும் நாளில், அதனை எந்த அலுவலகமும் அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளிவிட முடியாது. அடுத்த கார்த்திகை மாதத்து மழை எவருக்காகவும் காத்திராது. அதற்கு முன்னர் அந்த மனு எழுதப்பட்டாக வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.